நாற்பது வீதக் குப்பை

கலாராணி டீச்சர் கேட்டது ஒரே ஒரு டிராக்டர். அதையும் தனக்கென்று கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குழியில் கிடக்கிற குப்பையை அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றுதான் கேட்டார். இரண்டு வருடத்தில் ஏழு கடிதம் எழுதினார். எட்டாவது கடிதத்துக்குத்தான் விடிவு பிறந்தது. அந்த எட்டாவது கடிதத்தில் என்ன எழுதினார் என்று சொல்ல வேண்டுமானால், நடுவில் நடந்த கூத்தையெல்லாம் முதலில் சொல்லியாக வேண்டும்.

மடுல்சீமையிலிருந்து பஸ் போகிற மட்டும் போய், இனி முடியாது என்று அது திரும்புகிற இடத்தில் இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவு வரும். தொழிலாளர் குடியிருக்கும் நாலு லயம், ஒரு மாரியம்மன் கோயில், கொழுந்து நிறுக்கிற மடுவம், அதற்கு மேலே நூற்று நாற்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். இதே தோட்டத்து மூன்றாம் நம்பர் லயத்தில் பிறந்து, இதே பள்ளிக்கூடத்தில் படித்து, இங்கேயே விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர் கலாராணி.

பள்ளிக்கூடத்துக்கு மேலே உள்ள மலை உச்சியில் சனி ஞாயிறுகளில் தூரத்து ஊர்ப் பிள்ளைகள் கூடாரம் அடிக்க வருவார்கள். சூரியன் எழும்புவதைப் பார்த்து, அதைப் படம் பிடித்து, நூடில்ஸ் சாப்பிட்டு, இயற்கையை மனதாரப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் விட்டுப்போகும் போத்தல்களும் கோப்பைகளும் மலையிலிருந்து உருட்டப்பட்டு பள்ளிக்கூடத்துக் குழிக்கு வந்து சேரும். மழை பெய்தால் குழித் தண்ணீர் கீழே இறங்கிப் பிள்ளைகள் தண்ணீர் பிடித்துக் குடிக்கும் பீலியில் கலக்கும். போன ஐப்பசியில் ஒரே வாரத்தில் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். கொழுந்து எடுக்கும் ரெங்கம்மாவின் மகள் லதுஷா நாலு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதியாக இளைத்துத் திரும்பி வந்தாள். அவளைப் பார்த்த அன்றைக்குத்தான் கலாராணி ஐந்தாவது கடிதத்தை எழுதினார். எழுதிய வேகத்தில் பேனா முனை தாளைக் கிழித்தது, கோபத்தில்.

கடிதங்களுக்குப் பதில் வராமல் இல்லை. பள்ளிக்கூடம் தோட்ட எல்லைக்குள் இருப்பதால் தோட்டத்தைக் கேட்கச் சொன்னது பிரதேச சபை. பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் சொத்து என்பதால் கல்விப் பணிமனையைக் கேட்கச் சொன்னது தோட்டம். குப்பை தங்களுடைய பாடவிதானத்தில் இல்லை என்றது கல்விப் பணிமனை. இப்படி எல்லோரும் எழுத்தில் தெளிவாகவே இருந்தார்கள். ஏழாவது கடிதத்துக்கு மட்டும் யாரும் எதிர்பாராத பதில் வந்தது. 'மாணவர் ஊடாகச் சமூகக் கழிவு முகாமைத்துவம், பசுமைத் தூதுவர் செயற்றிட்டம்' என்ற பெரிய திட்டத்துக்கு உங்கள் பாடசாலை தெரிவாகியிருக்கிறது, வாழ்த்துகள் என்று அதில் எழுதியிருந்தது. டிராக்டர் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"எதுக்கோ ஒண்ணுக்குத் தெரிவாகிட்டமே டீச்சர்" என்றார் பள்ளிக்கூடத்து அதிபர் ஜெயகுமார். சுற்றறிக்கை என்றால் எழுந்து நின்று வாசிக்கிற மனிதர் அவர். "இந்தப் பள்ளிக்கூடம் இதுக்கு முன்ன எதுக்குமே தெரிவானதில்ல."

முதலில் வந்து சேர்ந்தவை ஐந்து குப்பைத் தொட்டிகள். பச்சை, நீலம், செம்மஞ்சள், சிவப்பு, கபிலம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவற்றைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தொட்டியும் மூன்று சுற்றுப் பொலித்தீனில் கட்டப்பட்டு, ரெஜிபோம் நுரை அட்டைக்குள் வைக்கப்பட்டு, வெளியே இன்னொரு பொலித்தீனால் மூடப்பட்டிருந்தது. பிரித்து முடித்தபோது பள்ளிக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அந்த முற்றம் காணாத அளவுக்குக் குப்பை சேர்ந்திருந்தது. பிள்ளைகள் அதைத் தொட்டியில் போடப் போனார்கள். அதிபர் ஓடிவந்து தடுத்தார். திறப்பு விழாவுக்கு முன் தொட்டிகளைப் பாவிக்கக் கூடாது என்று சுற்றறிக்கையில் இருந்தது. தொட்டிகள் அதிபரின் அறைக்குள் போய்ப் பூட்டுக்குள் இருந்தன. பொலித்தீன் குழிக்குப் போனது.

அடுத்த கிழமை பயிற்சி கொடுக்கத் திட்ட இணைப்பாளர் கனகசுந்தரம் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், பதுளையில் பத்து வருடமாக உத்தியோகம். நடந்து வந்த களைப்பில் இரண்டு போத்தல் தண்ணீரை முடித்து, வெறும் போத்தலைக் கலாராணியின் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குள் நுழைந்தார்.

"பிள்ளையள், உங்கட வீட்டில ஒரு நாளைக்கு என்னென்ன குப்பை சேருது? பயப்பிடாமச் சொல்லுங்கோ."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மரக்கறித் தோல் மாட்டுக்கு என்றது ஒரு பிள்ளை. சாம்பல் மிளகாய்ச் செடிக்கு என்றது இன்னொன்று. பால்மா டின்னில் ரோசாச் செடி இருக்கிறது. உரச்சாக்கு அம்மா மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்காகிவிட்டது. ஷொப்பிங் பையைக் கழுவிக் காயப்போட்டால் அது ஆறு மாதம் உழைக்கும். பழைய செருப்பு கதவுக்குக் கீல் என்று லதுஷா சொன்னாள்.

கனகசுந்தரத்தின் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"டீச்சர், இது பெரிய சிக்கல் எல்லோ" என்றார் வெளியே வந்து. "இந்தத் திட்டத்திட இலக்கு, சமூகத்தில கழிவை நாப்பது வீதம் குறைக்கிறது. இவையள் குப்பையே போடேல்ல எண்டா நான் எதைக் குறைக்கிறது? முதல்ல அடிப்படை அளவீடு எண்டு ஒண்டு வேணும். ஆகக் குறைஞ்சது நானூறு கிலோவாவது காட்டோணும். அப்பதான் குறைச்சதைக் காட்டலாம்."

"அப்ப முதல்ல குப்பை போடச் சொல்லணுங்களா சார்?"

"போடச் சொல்லி நான் சொல்லுவேனா? விழிப்புணர்வு எண்டு சொல்லுங்கோ."

கலாராணி குழிப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "பின்னால குழியில நெறயக் குப்பை இருக்குங்க சார். அதத்தான் நான் ரெண்டு வருசமா எழுதிக்கிட்டு இருக்கேன்."

"அது சமூகம் போட்ட குப்பை இல்லையே. வெளியாக்கள் போட்டது. எங்கட திட்ட எல்லைக்குள்ள வராது." கனகசுந்தரம் குழிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கோப்பைத் திறந்து படிவத்தை மேலிருந்து கீழாக ஒரு தரம் படித்தார். "ஆனா ஒண்டு டீச்சர். குப்பை எங்கயிருந்து வந்தது எண்டு இந்தப் படிவத்தில ஒரு கேள்வியும் இல்லை."

இவ்வளவு போதாதா? அடுத்த இரண்டு வாரமும் பின்னேரங்களில் ஆசிரியர்களும் தாய் தகப்பனும் கையுறை போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார்கள். மேலே கொண்டுவந்ததைப் பிள்ளைகள் போத்தல் வேறு, கண்ணாடி வேறு, தகரம் வேறு என்று தரம் பிரித்தார்கள். கொழுந்தில் முற்றலைப் பொறுக்கி எறிகிற கைகளுக்குப் பிறந்த பிள்ளைகள். தரம் பிரிக்க யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பதினெட்டுச் சாக்கு நிறைந்தது. சாக்கு எல்லாம் தோட்டத்துப் பழைய கொழுந்துச் சாக்கு. ஊரில் தராசு இருப்பதும் மடுவத்தில் மட்டும்தான். ஆகவே பதினெட்டுச் சாக்கும் மடுவத்துக்குப் போயின.

மடுவத்துக் கணக்கப்பிள்ளை விஜேந்திரன் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து நிறுக்கிறவர். தராசில் எது ஏறினாலும் அவருக்கு அது கொழுந்துதான். முதல் சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"இருவத்தஞ்சு. சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு. இருவத்திமூணு."

பக்கத்தில் நின்ற ரெங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, குப்பையிலயுமா வெட்டுவீங்க?"

"ஈரமாத்தானே இருக்கு."

"குப்பை ஈரமா இருந்தா ஒங்களுக்கு என்னாங்க? அத என்னா வறுத்துத் தூளாக்கவா போறீங்க?"

"சட்டம் சட்டந்தான் ரெங்கம்மா" என்று விஜேந்திரன் அடுத்த சாக்கை மாட்டினார். மொத்தம் நானூற்று நாற்பத்தெட்டுக் கிலோ, வெட்டு முப்பத்தாறு. நானூற்றுப் பன்னிரண்டு கிலோ சுத்தக் குப்பை என்று பதிந்து, சாக்குகளைச் சுவரோரம் அடுக்கிவைத்தார். கனகசுந்தரம் தொலைபேசியில் கேட்டு மனம் குளிர்ந்துபோனார். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று.

விழாவன்று காலை ஏழு மணிக்கே பிள்ளைகள் இரண்டு பக்கமும் பச்சைக் கொடியுடன் பனியில் நிறுத்தப்பட்டார்கள். ஒன்பதரைக்குக் கீழே வளைவில் ஒரு சத்தம் கேட்டது. கலாராணி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

டிராக்டர் வந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக அவர் கனவில் கண்ட அதே பிரதேச சபை டிராக்டர். பின்னால் பெட்டியை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவி, சிவப்புக் கம்பளம் விரித்து, ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். இந்தப் பாதையில் வான் வண்டி ஏறாது என்பதால் அதிதிகளை ஏற்றிவரச் சபை அனுப்பியிருந்தது. மாலையும் கழுத்துமாகப் பிரதம அதிதி நடு நாற்காலியில் இருந்தார். டிராக்டரும் மடுவம் வரைதான் ஏறும். சாரதி சுரேஸ், கொழுந்து வண்டி எப்போதும் நிற்கும் இடத்தில், பெட்டியின் பின்பக்கம் மடுவத்து வாசலைப் பார்க்க நிறுத்திவிட்டு இறங்கிப் பீடி பற்றவைத்தார். அதிதிகள் படியேறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

தொட்டிகள் ரிப்பன் கட்டி மேடையில் வரிசையாக நின்றன. முதல் குப்பையைப் பிரதம அதிதி போட வேண்டும். அவர் கையில் கொடுக்கத் தகுந்த குப்பை எது என்று மூன்று நாள் யோசித்து, ஒரு யோகட் கோப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பரிசுத் தாளில் சுற்றி, பூத்தட்டில் வைத்திருந்தார்கள். பிரதம அதிதி இரண்டு விரலால் எடுத்தார். செம்மஞ்சள் தொட்டி நிழலில் நின்றதால், பச்சைத் தொட்டியில் போட்டால் படம் தெளிவாக வரும் என்றார் படம் பிடிப்பவர். பிளாஸ்டிக் கோப்பை, மரக்கறித் தோலுக்கான பச்சைத் தொட்டிக்குள் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். லதுஷா மட்டும் மேடையேறி, கையை விட்டுக் கோப்பையை எடுத்து, தாளை உரித்து நீலத்திலும் கோப்பையைச் செம்மஞ்சளிலும் போட்டுவிட்டு இறங்கினாள். அதிபருக்கு வியர்த்துப்போயிற்று.

"அந்தப் பிள்ளையை ஆரும் பிடியுங்கோ" என்றார் கனகசுந்தரம் தாழ்ந்த குரலில். "விழாவுக்குள்ள தரம் பிரிச்சுக்கொண்டு நிக்கிது."

பிறகு பிரதம அதிதி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, எனக்குக் குப்பையைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். கடந்த வருடத்தில் மட்டும் குப்பை தொடர்பாக ஐந்து நாடுகளுக்குச் சென்று வந்திருக்கிறேன். அந்த நாடுகளில் குப்பையே இல்லை. இல்லாத குப்பையை எவ்வாறு முகாமை செய்வது என்பதைப் பதினொரு நாட்கள் தங்கியிருந்து கற்றேன். இந்தத் தோட்டத்து மக்களைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது. பழைய சாக்கை இடுப்பில் கட்டுகிறார்கள். பழைய டின்னில் செடி வளர்க்கிறார்கள். ஒரு பொருளை முறைப்படி எறிவதற்கே இவர்களுக்கு இன்னும் கற்றுக்கொடுக்கப்படவில்லை. அந்த இருளை அகற்றத்தான் நாம் வந்திருக்கிறோம்."

கலாராணி கைதட்டத் தூக்கிய கையைக் கீழே போட்டார். முன் வரிசையில் பிள்ளைகள் மூன்று மணி நேரமாகச் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு அதிதிக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு பூச்செண்டு, ஒரு சோற்றுப் பார்சல். மூன்றும் பொலித்தீனில் இருந்தன. பின்னால் கட்டியிருந்த பிளாஸ்டிக் பதாகையில் 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று ஆளுயர எழுத்தில் இருந்தது.

"டீச்சர், கெதியா ஓடிப்போய் அந்த நிறுவைத் துண்டை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார் கனகசுந்தரம். "நானூற்றுப் பன்னிரண்டை ஐயா மேடையில வாசிக்கோணும்."

கலாராணி குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். மத்தியான நிறுவைக்குச் சங்கு ஊதிவிட்டிருந்தது. பெண்கள் கூடையுடன் மலையிலிருந்து இறங்கியிருந்தார்கள். ஆலையிலிருந்து வரும் கொழுந்து வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. ஆனால் மடுவத்து வாசலில் ஒரு பெட்டி நின்றது. சுவரோரம் எடை போட்ட சாக்கு இருந்தது. வாசலில் வண்டி நின்று, சுவரோரம் எடை போட்ட சாக்கு இருந்தால் அந்தத் தோட்டத்தில் என்ன செய்வார்கள் என்பதை யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நூற்றைம்பது வருடத்துப் பழக்கம். ரெங்கம்மாவும் அவர் கூட்டத்துப் பெண்களும் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது சாக்கு ஏறியாயிற்று.

"இந்தக் கொழுந்து என்னா டீச்சர் இப்பிடி நாறுது?" என்றார் ரெங்கம்மா பத்தாவதைத் தூக்கிக்கொண்டு. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று சொல்ல முடியாது.

'ஐயோ அக்கா, அது கொழுந்து வண்டி இல்லை' என்று சொல்லக் கலாராணி வாயைத் திறந்தார். மேலே ஒலிபெருக்கியில் பிரதம அதிதி ஆறாவது நாட்டுக்குப் போகும் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கீழே பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கலாராணி திறந்த வாயை மூடினார். பிறகு மறுபடி திறந்தார்.

"அந்த மூலையில இன்னும் எடம் இருக்குக்கா" என்றார்.

கம்பளத்தைச் சுருட்டி ஓரத்தில் வைத்து, பதினெட்டுச் சாக்கையும் ஏற்றி, அதன்மேல் ஐந்து நாற்காலியையும் வரிசை மாறாமல் தூக்கிவைத்துக் கயிற்றால் கட்டினார்கள். விஜேந்திரன் துண்டு எழுதிக் கிழித்துச் சாரதி சுரேஸின் கையில் கொடுத்தார். கலாராணிக்கு ஒரு பிரதி கொடுத்தார்.

அதிதிகள் இறங்கிவந்தபோது மலையைப் பனி மூடி, மழையும் தூறத் தொடங்கியிருந்தது. கனகசுந்தரம் டிராக்டரைப் பார்த்தார். சாக்குகளைப் பார்த்தார். மேலே நாற்காலிகளைப் பார்த்தார்.

"என்ன வேலை இது? இறக்குங்கோ இதை."

"அது முடியாதுங்களே" என்றார் விஜேந்திரன். "நிறுத்து, துண்டு எழுதி, வண்டியில ஏறின சாக்க எறக்கக் கூடாது. தொரை உத்தரவு. எறக்கணும்னா தொரை எழுதித் தரணும். அவரு கண்டிக்குப் போயிருக்காரு, புதன்கெழம வருவாரு."

"நாக்காலிய ஒண்ணும் பண்ணலங்க" என்றார் ரெங்கம்மா. "மரியாதையா மேலதான் வச்சிருக்கோம்."

பஸ் நிற்கும் இடத்துக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். அட்டை கடிக்கும். மழை வேறு. பிரதம அதிதி ஒரு சாக்கின் காதைப் பிடித்து மேலே ஏறினார். மற்றவர்களும் ஏறினார்கள். டிராக்டர் குலுங்கிப் புறப்பட்டது. கொடி பிடித்த பிள்ளைகளுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் இரண்டு பக்கமும் நின்று விடாமல் ஆட்டினார்கள். மாரியம்மன் தேர் போவதுபோல அதிதிகள் லயத்து வாசல்களைத் தாண்டி உயரத்தில் அசைந்து அசைந்து போனார்கள். ஒரு கையில் மூக்கு, மறு கையில் நாற்காலி. பழக்கதோஷத்தில் இரண்டு பெண்கள் கும்பிட்டும்விட்டார்கள். கலாராணி மடுவத்துக்குப் பின்னால் போய் நின்று, குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு, வயிறு நோகச் சிரித்தார். சிரித்து முடித்தபோது கண் நிறைந்திருந்தது.

மறுநாள் படம் எங்கும் பரவியது. 'குப்பையோடு பயணித்து முன்மாதிரி காட்டிய பிரதம அதிதி' என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். ஆகவே யாரும் யாரையும் விசாரிக்க முடியவில்லை. மாதம் ஒன்று போயிற்று. இரண்டு பெருமழை பெய்தும் ஒரு பிள்ளைக்கும் வயிற்று வலி வரவில்லை.

அப்புறம் திட்டப் பணிமனையிலிருந்து கடிதம் வந்தது. அதிபர் எழுந்து நின்று வாசித்தார்.

"அடிப்படை அளவீடு நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. கழிவு ஏற்றிச் செல்லப்பட்ட பின்னரான அளவு பூச்சியம். குறைப்பு நூறு வீதம். திட்டத்தின் அனுமதிக்கப்பட்ட இலக்கு நாற்பது வீதம் மட்டுமே என்பதாலும், படிவத்தில் அதற்கு மேற்பட்ட எண்ணுக்குக் கட்டம் இல்லாததாலும், மீதி இருக்க வேண்டிய இருநூற்று நாற்பத்தேழு கிலோ கழிவை ஆய்வுக்கு முன் உரிய இடத்தில் மீள வைத்திருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்."

மகளைக் கூட்டிப்போக வந்த ரெங்கம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப மறுபடி குழியிலயே கொட்டணுமாங்க?"

"நம்ம ஒண்ணும் கொட்ட வேணாம்மா" என்றாள் லதுஷா. "சனிக்கெழம கூடாரக்காரங்க வருவாங்க."

அதிபர் கவலையோடு மேசை விளிம்பைத் தேய்த்தார். கலாராணி கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். ஏழு கடிதமும் ஏன் தோற்றுப்போயின என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. குப்பைக்கு டிராக்டர் வராது. விழாவுக்குத்தான் வரும். அங்கேயே உட்கார்ந்து எட்டாவது கடிதத்தை எழுதினார். இந்த முறை தாள் கிழியவில்லை.

'தாங்கள் அறிவுறுத்தியவாறு கழிவை மீள நிரப்பும் பணி வாராந்தம் சிறப்பாக நடைபெற்று வருகிறது. அது உரிய அளவை எட்டியவுடன், நாற்பது வீத இலக்கை அடைந்த வெற்றி விழாவை எமது பாடசாலையில் நடத்தத் தீர்மானித்துள்ளோம். இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை இவ்விழாவை நடத்தவும் விரும்புகிறோம். சென்ற முறை அதிதிகள் ஐவர் மட்டுமே வந்தமை எமக்குக் குறையாக உள்ளது. இம்முறை இரண்டு டிராக்டர் கொள்ளுமளவு அதிதிகளை அழைத்துவருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.'

மூன்றாம் நாளே பதில் வந்துவிட்டது. பத்து அதிதிகள், இரண்டு டிராக்டர்.

கலாராணி பதிலை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மடுவத்துக்கு இறங்கினார். விஜேந்திரன் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பழைய சாக்கு எத்தன இருக்கு?"

"பதினெட்டு இருக்கும் டீச்சர்."

"முப்பத்தாறாத் தேடி வைங்க" என்றார் கலாராணி. "விருந்தாளிங்க வர்றாங்க."